சூப் ஆறுவதற்குள்: உணவகம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உணவகம் நடத்துகிற முதலாளிகளுக்கும் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிற மேலாளர்களுக்கும் வணக்கம்.

22 ஆண்டுகள் மேசைகளுக்கு நடுவே நடந்தவன் நான். சர்வர் என்பார்கள், வெயிட்டர் என்பார்கள், சிலர் விரலைச் சொடுக்குவார்கள். மூன்றுக்கும் திரும்பிப் பார்த்திருக்கிறேன். முழங்கால் ஒத்துழைக்காததால் போன வருடம் வேலையை விட்டேன். அன்றிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தெந்த நடிகருக்குப் பரிமாறியிருக்கிறீர்கள்?" பதில் வருவதற்குள் அடுத்ததும் வந்துவிடும்: "டிப்ஸ் எவ்வளவு கொடுத்தார்?" இரண்டுக்கும் நான் வாய் திறப்பதில்லை. மேசையில் பார்த்தது மேசையோடு. இந்த மடலிலும் நான் பரிமாறிய யாருடைய பெயரும் வராது. அதற்காகப் படிக்கத் தொடங்கியவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்கு உங்களிடம்தான் பேச்சு. ஒரு நடிகர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும் உங்களுக்கு என்ன ஆகிறது?

நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு ஆண்டுகள் இருக்கும். மழை இரவு, கடை சாத்த அரை மணி நேரம் பாக்கி. தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்ட ஒருவர் தனியாக வந்து மூலை மேசையில் உட்கார்ந்தார். தண்ணீர் ஊற்றக் குனிந்தபோதுதான் கவனித்தேன், காலருக்குச் சற்று மேலே கழுத்தைச் சுற்றி ஒரு கோடு. கோட்டுக்கு மேல் ஒரு நிறம், கீழ் ஒரு நிறம். அவசரத்தில் ஒப்பனையைச் சரியாகக் கழுவவில்லை, படப்பிடிப்பிலிருந்து நேராக வந்திருக்கிறார். குரலைக் கேட்டதும் யாரென்று தெரிந்துபோயிற்று. "ஒரு சூப் போதும் தம்பி, நல்ல சூடாக இருக்கட்டும்" என்றார்.

வைத்துவிட்டுத் திரும்பினால் சமையலறைக் கதவருகே மேலாளர் நிற்கிறார்.

"போய் ஒரு போட்டோ கேள்."

"சாப்பிடுகிறார், சார்."

"நீ கேட்டால் தப்பாக நினைக்கமாட்டார். நான் கேட்டால் நன்றாக இருக்காது."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு இன்னமும் காதில் கேட்கிறது. கூச்சப்பட வேண்டிய காரியத்துக்கெல்லாம் சம்பளம் குறைந்தவனை முன்னால் தள்ளுவது எங்கள் தொழிலில் எழுதப்படாத விதி. போனேன். கேட்டேன். வாய்க்குப் போய்க்கொண்டிருந்த கரண்டி பாதி வழியில் நின்றது. அவர் அதை மெதுவாகக் கிண்ணத்தில் வைத்தார், ஒரு கணம் தலையைக் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது சுவரொட்டியில் இருக்கிற முகம் வந்திருந்தது. அவ்வளவுதான், மேலாளர் ஓடி வந்தார், கல்லாவில் இருந்தவர் வந்தார், முதலாளி போன் செய்து மாடியிலிருந்து தன் வீட்டாரை வரவழைத்தார். எல்லாம் முடிந்தபோது சூப்பின் மேல் ஆடை படிந்திருந்தது. "வேறு கொண்டு வரட்டுமா, சார்?" என்றேன். "வேண்டாம் தம்பி, நேரமாகிவிட்டது." பில் வேண்டாம் என்று மேலாளர் பெருந்தன்மையாகக் கையை விரித்தார். சாப்பிடாத சூப்புக்கு!

அவர் பணத்தைக் கிண்ணத்துக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.

சர்வர்களின் நினைவைப் பற்றி உளவியல் மாணவர்களுக்குச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. பெர்லினில் குர்ட் லெவின் என்ற பேராசிரியர், பணம் தராத மேசையின் ஆர்டரை வெயிட்டர்கள் அச்சுப் பிசகாமல் சொல்வதையும், பணம் வாங்கியதும் அதையே மறந்துவிடுவதையும் கவனித்தாராம். அவருடைய மாணவி புளூமா ஸைகார்னிக் சோதனைகள் நடத்தி, முடிந்த வேலையைவிட முடியாத வேலையே மனத்தில் தங்குகிறது என்று 1927இல் எழுதினார். பின்னால் செய்து பார்த்த பலருக்கு அதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆய்வு எப்படியோ போகட்டும், என் விஷயத்தில் அந்தக் கதை உண்மை. வயிறாரச் சாப்பிட்டு, சிரித்துப் பேசி, கை குலுக்கிவிட்டுப் போன நட்சத்திரங்கள் பலர்; அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டால் தெரியாது. அந்த ஒரு கிண்ணம் சூப் மட்டும் இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது.

எல்லாச் சந்திப்பும் இப்படியல்ல. முகத்தை எல்லாருக்கும் தெரிந்து பெயர் யாருக்கும் தெரியாத நடிகர் ஒருவர் அடிக்கடி வருவார். போலீஸ்காரராக, டாக்டராக, பெண்ணுக்குத் தகப்பனாகப் பல படங்களில் இரண்டு நிமிடம் வந்து போகிறவர். பக்கத்து மேசைக்காரர் ஒருநாள் அவரை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்கள் எங்கள் மாமா கல்யாணத்துக்கு வந்தீர்கள் இல்லையா?" என்று கேட்டார். இவரும் சளைக்காமல், "ஆமாம், சாப்பாடு பிரமாதம்" என்றார்.

அவர்தான் ஒரு மதியம், கூட்டம் வடிந்த பிறகு, என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு எனக்கு சர்வர் வேஷம். மூன்று தட்டை ஒரே கையில் எப்படிப் பிடிப்பது?" என்றார். காலித் தட்டுகளை வைத்துக் காட்டினேன். முதல் தட்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே. இரண்டாவதை அதற்கு அடியில் செருகி மற்ற விரல்களால் தாங்க வேண்டும். மூன்றாவது முன்கையில் உட்காரும், அதன் விளிம்பு இரண்டாவது தட்டின் விளிம்பில் சாய்ந்திருக்கும். மணிக்கட்டு ஆடினால் மூன்றும் போயிற்று. ஒன்றரை மணி நேரம் மேசைகளைச் சுற்றிச் சுற்றி நடந்தார், ஒரு தட்டு உடைந்தது, காசு நான் தருகிறேன் என்றார். "படத்தில் வருகிற சர்வர்கள் எல்லாரும் தட்டை வைத்துவிட்டுப் போகிறார்களே தவிர, ஒருவரும் எச்சில் தட்டை எடுப்பதில்லை, சார்" என்று என் நெடுநாள் குறையைச் சொன்னேன். அவர் சிரித்தார். அவர் பங்குக்கு, சாப்பாட்டுக் காட்சியில் ஒரே வாயைத் திரும்பத் திரும்ப எடுக்கும்போது எல்லாவற்றையும் விழுங்க முடியாது, 'கட்' சொன்னதும் துப்புவதற்குப் பக்கத்தில் வாளி வைத்திருப்பார்கள் என்றார். "அதனால்தான் இங்கே வந்து யாரும் பார்க்காமல் மெல்கிறேன்." அந்தப் படத்தைத் தேடிப் போய்ப் பார்த்தேன். அவர் வந்த காட்சியை வெட்டிவிட்டார்கள்.

நடிப்பும் பரிமாறலும் எங்கோ தூரத்தில் இருக்கிற தொழில்கள் என்று நினைக்காதீர்கள். இந்தி நடிகர் போமன் இரானி மும்பை தாஜ் ஓட்டலில் வெயிட்டராக இருந்தவர். அக்‌ஷய் குமார் பாங்காக்கில் சமையலும் பரிமாறலும் செய்தவர். தலைவலியோடு புன்னகைப்பது எப்படி என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பிறகு எல்லார் கையிலும் கேமரா வந்தது. முன்பெல்லாம் ஆர்டர் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு கையெழுத்து வாங்குவதோடு ஆசை தீர்ந்துவிடும். இப்போது தண்ணீர் டம்ளர் மேசைக்கு வருவதற்குள் படம் ஊரெல்லாம் போய்விடுகிறது. வாசலில் கூட்டம் சேர்ந்து, பெரிய நடிகை ஒருவரைப் பாத்திரம் கழுவுகிற இடம் வழியாகப் பின்வாசலுக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். சோப்பு நீரில் செருப்பு வழுக்க, என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். படத்தை வெளியே அனுப்பியது கூட்டத்தில் ஒருவர் அல்ல, உங்களில் ஒருவர். கடைக்கு விளம்பரமாம்.

அப்படியானால் நடிகர்கள் பக்கமே யாரும் போகக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை ஒட்டிவிடலாம் என்று தோன்றும். அதையும் ஒட்டிப் பார்த்தார்கள், நான் கடைசியாக வேலை செய்த இடத்தில். அதன் பிறகு நடந்தது இது.

வயதான அம்மா ஒருவர், கூடவே ஒரு சிறு பெண். சுவரைப் பார்த்த நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். நான் சிறுவனாக இருந்தபோது அவர் நாயகி. யாரென்று தெரியாதவன்போலவே காபியை வைத்தேன், தெரியாதவன்போலவே சர்க்கரையை நகர்த்தினேன். பில் புத்தகத்தை மூடிக் கொடுக்கும்போது என்னை நிமிர்ந்து பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: "இங்கே யாருக்காவது என்னை அடையாளம் தெரிந்ததா, தம்பி?"

நிம்மதியாகப் போகட்டும் என்று நினைத்து, "இல்லை அம்மா, யாருக்கும் தெரியவில்லை" என்றேன்.

"அப்படியா" என்றார். கைப்பையின் பித்தளைக் கொக்கியை இரண்டு முறை திறந்து மூடினார். அந்தச் சிறு பெண்தான் அவர் கையைப் பிடித்து எழுப்பியது. "எனக்குத் தெரியும் அம்மா, வந்தவுடனேயே தெரியும்" என்று சொல்ல நான் வாசல் வரை போனேன். அதற்குள் கார் கிளம்பிவிட்டது.

ஆகவே எனக்கு உங்களிடம் வேண்டுவது சட்டம் அல்ல. மேசையை எங்களிடம் விடுங்கள். ஒருவர் எந்த நாற்காலியைக் கேட்கிறார், மெனுவை முகத்துக்கு நேரே பிடிக்கிறாரா, எங்கள் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா என்பதெல்லாம் குனிந்து தண்ணீர் ஊற்றுகிறவனுக்குத் தெரியும், கல்லாவிலிருந்து தெரியாது. நாங்களும் தவறுவோம்; நான் தவறினேன். ஆனால் அது என் தவறு, அதை நானே சுமந்துகொள்கிறேன். உங்கள் ஆசைக்காகப் போய்க் கேட்ட அந்தப் போட்டோவைச் சுமப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. படம் வேண்டுமென்றால், சாப்பாடு முடிந்து அவர் எழுந்த பிறகு, நீங்களே வந்து, உங்கள் வாயால் கேளுங்கள். மறுத்தால் அந்த முகத்தையும் நீங்களே பாருங்கள். ஊழியர் கையில் போன் கூடாது என்று கண்டிக்கும் முன்பு, கடையின் கண்காணிப்புக் கேமராவில் பதிந்ததை யார் வெளியே அனுப்புகிறார்கள் என்று ஒருமுறை விசாரியுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் சர்வர் ஒருவன்

பின்குறிப்பு: அந்த மழை இரவில் எடுத்த படம் இன்னும் அந்தக் கடையின் சுவரில் சட்டமிட்டுத் தொங்குவதாகக் கேள்வி. அதன் இடது ஓரத்தில் பாதி முழங்கையும் அதன்மேல் தொங்கும் வெள்ளைத் துணியும் தெரியும். அது என்னுடையது. படத்தை எடுக்க மனமில்லையென்றால், அந்த ஓரத்தையாவது வெட்டிவிடுங்கள்.