பெமிட்டா, உறுதியா?

அன்பின் ரவி,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததில் சந்தோசம். இங்கே எல்லோரும் சுகம், மழைதான் விட்டபாடில்லை.

உன் தம்பி கடைகளுக்கும் காணிகளுக்கும் தரகு பார்க்க இறங்கப் பார்க்கிறான் என்று எழுதியிருந்தாய். இங்கே கிளிநொச்சிக்கே அனுப்பு. ஆனால் ஒரு காணியை விற்று ஒரே அடியில் லட்சங்களைப் பார்க்கலாம் என்ற நினைப்போடு வந்தால் தாங்கமாட்டான். ஏ9 வீதியோரக் காணி கைமாற மாதக்கணக்கில் இழுபடும். தொடக்கத்தில் எனக்குச் சோறு போட்டது கடை வாடகைத் தரகுதான். ஆள் பிடித்துக் கொடுத்தால் ஒரு மாத வாடகை கைக்கு வரும்.

பரந்தன் சந்தியிலிருந்து மாங்குளம் வரை எந்தக் கடையின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது, உரிமையாளர் ஊரிலா கனடாவிலா, அவருக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரம், அதுதான் அற்றோணித் தத்துவம், யாரிடம் இருக்கிறது என்றெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். வங்கிக்காரர் இடம் தேடி வந்தால் அழகான கட்டடத்தைக் கேட்பதில்லை. வாகனம் நிறுத்த இடம், திரீ பேஸ் கரண்ட், ஜெனரேட்டருக்கு ஒரு மூலை, இவ்வளவும்தான்.

அப்புறம் பத்திரம். இங்கே முதல் கேள்வியே பெமிட்டா, உறுதியா என்பதுதான்: அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணியா, சொந்த உரிமைப் பத்திரம் உள்ள காணியா என்று. குடியேற்றத் திட்டக் காணிகள் நிறைய. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி கொடுத்த பெமிட் காணியை நினைத்தபடி விற்க முடியாது. பெமிட்டுக்குப் பிறகு அரசாங்கம் தரும் அளிப்புப் பத்திரம் கிடைத்திருந்தாலும் பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். உறுதிக் காணி என்றால் வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை வந்து நிற்கும்: காணியில் பங்குள்ளவர்களுக்கு முதலில் அறிவிக்காமல் வெளியாருக்கு விற்றால் பிறகு வழக்குத்தான். இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்களுக்குக் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க நானே கூடப் போவேன். பல தரகர்மாருக்கு இந்த அலைச்சல் பஞ்சி.

புரோக்கர் என்றாலே சனம் முகம் சுளிக்கும், உனக்குத் தெரியும்தானே. "பத்திரத்தில் சிக்கல் இருக்கிறது, வாங்காதேங்கோ" என்று தரகனே சொன்னால் திகைத்துப் போகிறார்கள். கொமிசன் போய்விடும், உண்மைதான். ஆனால் அடுத்த காணிக்கு அவர்களே தேடி வருகிறார்கள், மச்சானையும் கூட்டிக்கொண்டு. இப்போது எனக்கு வருகிற வேலையில் பாதி நான் வேண்டாமென்று தடுத்த வியாபாரங்களால் வந்தது.

தம்பியின் சிங்களம் எப்படி? வாடகை ஒப்பந்தத்துக்குக் கொழும்பிலிருந்து வருகிறவர்களோடு கதைக்க அது வேண்டும். மோட்டார் சைக்கிள் இல்லையென்றால் என்னுடைய பழையது சும்மா கிடக்கிறது. பொங்கல் முடிய வரச் சொல், தங்க எங்கள் வீட்டில் அறை இருக்கிறது.

அன்புடன்,
சிவா