பியூர் டேட்டாவை உருவாக்குவோருக்கு: கோப்பு விழும் இடத்துக்குப் பொருள் கொடுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

திரையில் பெட்டிகளைக் கோடுகளால் இணைத்து ஒலி உருவாக்கும் மென்பொருள் பியூர் டேட்டா. அதையும் அதிலிருந்து கிளைத்த சூழல்களையும் எழுதிப் பராமரிக்கும் உங்களுக்கு இந்த மடல். ஒலிக்கோப்பு ஒன்றை இழுத்து வந்து பேட்ச்சின் (அப்படி இணைத்த பெட்டிகளின் வரைபடம்) மேல் விட்டால் என்ன நடக்க வேண்டும் என்பதுதான் விஷயம். இதைப் பல வருடமாகப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் எழுதுகிறேன்.

முதல் வகுப்பில் ஒரு அரே, அதாவது ஒலியை எண்களாக வைத்திருக்கும் கட்டம், வரைந்து காட்டுவேன். உடனே யாராவது தன் வேவ் கோப்பை டெஸ்க்டாப்பிலிருந்து இழுத்து அந்தக் கட்டத்தின் மேல் விட்டுப் பார்ப்பார். யாரும் சொல்லாமலே கை அங்கேதான் போகிறது. எங்கள் கணினிகளில் எதுவும் நடக்காது. அப்புறம் நான் பேங் (தொடங்கி வைக்கும் பொத்தான்), ஓப்பன்பேனல் (கோப்பைத் தேர்ந்தெடுக்க), ஒரு மெசேஜ் (கட்டளை), சவுண்ட்ஃபைலர் (கோப்பை அரேயில் ஏற்ற) என்று நான்கு பெட்டிகளை வரிசையாக வைத்து இணைத்துக் காட்டுவேன். கற்க வேண்டிய பெட்டிகள்தான். ஆனால் முதல் சத்தத்தைக் கேட்பதற்கு முன்பே கற்க வேண்டியவை அல்ல.

இதே வகை மென்பொருளான மேக்ஸில் இதற்கென்றே ட்ராப்ஃபைல் என்ற பெட்டி உண்டு. அதன் மேல் கோப்பை விட்டால் ஒரு வாசலில் கோப்பின் பாதை (அது கணினியில் இருக்கும் இடம்) வரும், இன்னொன்றில் அதன் வகை வரும். அதை வைத்து என்ன செய்வது என்பது பேட்ச் எழுதியவர் பாடு. அந்த மேக்ஸை 1980களில் பாரிஸின் இர்காம் இசை ஆய்வு மையத்தில் தொடங்கிய மில்லர் பக்கெட்தான் 1990களில் பியூர் டேட்டாவையும் எழுதினார். பெட்டிகள் ஒன்றுக்கொன்று மெசேஜ் அனுப்பிக்கொள்வது இரண்டுக்கும் பொதுவான அடிப்படை. கோப்பு வந்து விழுவதும் ஒரு மெசேஜாகவே இருக்கட்டும்.

அந்த மெசேஜ் யாருக்குப் போக வேண்டும்? கோப்பு எதன் மேல் விழுந்ததோ அதற்கு. அரேயின் மேல் விழுந்தால் அரே நிரம்பட்டும். வெற்றிடத்தில் விழுந்தால், எடிட் மோடில் (பேட்ச்சை மாற்றும் நிலை) மட்டும் கோப்பின் பெயர் எழுதிய பெட்டி ஒன்று முளைக்கட்டும், அதை அன்டூ செய்யவும் முடியட்டும். ரன் மோடில் (பேட்ச்சை இயக்கும் நிலை) வெற்றிடத்தில் விழுவது எதையும் செய்யக் கூடாது. மேடையில் வியர்த்த விரல் டச்பேடில் வழுக்கும் நேரத்தில் புதுப் பெட்டி முளைப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

மேடை என்றதும் இன்னொன்று. சவுண்ட்ஃபைலர் ஒலி ஓடும் அதே இழையில்தான் (த்ரெட்) கோப்பைப் படிக்கிறது, அதுவரை ஒலி காத்திருக்க வேண்டும். 48,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள்களாக (ஒலியின் அளவெண்கள்), பத்து நிமிடப் பதிவு என்றால் ஒரு சேனலுக்கு 2 கோடியே 88 லட்சம் சாம்பிள்கள். இதை நிகழ்ச்சி நடுவே அரேயில் இழுத்துவிட்டால் ஒலி அறுந்துவிடும். ஆகவே இழுத்துவிட்ட கோப்பு பின்னணியில் படிக்கப்பட்டு, முழுதாக வந்த பிறகே அரேயில் மாறட்டும். சாம்பிள் ரேட்டையும் அப்போதே சொல்லிவிடுங்கள். 44,100இல் பதிந்த குரலை 48,000இல் ஓட்டினால் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடுகிறது. பாடுபவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், காரணம்தான் அவர்களுக்குப் புரியாது.

கடைசியாக, பெயர்கள். கோப்பு பேட்ச் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே இருந்தால் முழுப் பாதையைச் சேமிக்காதீர்கள். மாணவர் வீட்டுக்குப் போய்த் திறந்தால் அந்தப் பாதை அங்கே இருக்காது. பாதை எப்போதும் ஒரே சிம்பலாக, அதாவது உடையாத ஒரே சொல்லாக, வர வேண்டும். 'கோவில் மணி' என்ற பெயர் இடைவெளியில் இரண்டாக உடைந்து, பாதிப் பெயரில் கோப்பைத் தேடி மெசேஜ் தோற்றுப்போவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

தமிழுக்கே உரிய சிக்கலும் ஒன்று இருக்கிறது. மேக்கின் பழைய கோப்பமைப்பு 'கோ' என்ற எழுத்தின் ஓகாரக் குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்துச் சேமிக்கும். பேட்ச்சில் நாம் தட்டிய பெயரில் அது ஒரே குறி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், லினக்ஸுக்கு வெவ்வேறு கோப்புகள். கோப்பு கிடைக்கவில்லை என்ற செய்தி வரும்போது, கண்ணெதிரே இருக்கும் கோப்பை எங்கே போய்த் தேடுவது? பெயர்களை ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் இது தீர்ந்துவிடும்.

சோதித்துப் பார்க்க ஆள் தேவைப்பட்டால் நான் தயார். கொம்பும் காலும் இடைவெளியும் கலந்த பெயர்களில் ஒரு ஃபோல்டர் நிறையக் கோப்புகள் வைத்திருக்கிறேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இழுத்துவிட்டுப் பார்த்து, எது எங்கே உடைந்தது என்று எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் மென்பொருளைக் கொண்டு சொல்லிக்கொடுக்கும் ஒரு ஆசிரியர்