சித்திரையில் வேண்டாம், தையில் போ: நுவரெலியா பற்றி நண்பனுக்கு

கிளிநொச்சி,
மார்கழி கடைசி.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் நோவு குறைந்தது சந்தோசம். இங்கே மழை ஓய்ந்துவிட்டது. வயலுக்குக் கடைசிப் பசளையும் எறிந்தாயிற்று, இனிப் பன்றிக் காவல்தான்.

சித்திரைக்குக் குடும்பமாய் நுவரெலியா போகலாமோ என்று கேட்டிருந்தாய். கட்டாயம் போ. ஆனால் சித்திரையில் போகாதே. ஏப்ரலில் மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று நாடே அங்கேதான் நிற்கும். அறை வாடகை பல மடங்கு ஏறும், கிரகறி வாவியைச் சுற்றி வாகனம் நகராது. இதெல்லாம் போகட்டும், அந்த நேரம் குளிரே பெரிதாய் இராது. குளிர் பார்க்கப் போகிறவன் குளிர் காலத்தில் போகவேணும். பொங்கல் முடிந்த கையோடு, அறுவடை மெசின் வயலுக்குள் இறங்கமுன் ஒரு இடைவெளி வருமே, அதுதான் நேரம். மாரி மழை பெரும்பாலும் ஓய்ந்து வானம் வெளித்திருக்கும். பள்ளிக்கூடம் நடக்கிற காலம் என்பதால் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் லீவு சொல்ல வேண்டிவரும். கூட்டம் இல்லாததும் அதனால்தான். கிழமை நாளில் போ. பௌர்ணமிப் போயா தினமும் சுதந்திர தினமான பெப்ரவரி 4ஐ ஒட்டிய விடுமுறையும் வேண்டாம்.

நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றருக்கு ஆறு, ஆறரைப் பாகை குறையும் என்ற கணக்கில் எங்களைவிடப் பன்னிரண்டு பாகை குளிர். பகலில் 20 பாகை அளவில் வெயிலோடு சுகமாயிருக்கும். இரவில் 10க்குக் கீழே இறங்கும், சில விடியலில் 5க்கும் கீழே போகும். அப்படியான நாளில்தான் உறைபனி. பிள்ளைகளுக்கு அதைக் காட்ட விரும்பினால் முதல்நாள் இரவே வானத்தைப் பார். முகில் இல்லாமல், காற்று அசையாமல், நட்சத்திரம் துலக்கமாய்த் தெரிந்தால் வாய்ப்பு உண்டு. முகில் மூடினால் நிலத்தின் சூடு வெளியேறாது, பனியும் உறையாது. குளிர்காற்று பாரமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் மேட்டில் தேடாதே. குதிரைப் பந்தயத் திடல், அம்பேவல பக்கத்துப் புல்வெளி போன்ற தாழ்ந்த இடங்களில் பார். ஆறு மணிக்குப் புல் நுனியெல்லாம் உப்புத் தூவினமாதிரி வெளுத்திருக்கும், கால் வைத்தால் நெருநெரு என்று முறியும். வெயில் பட்டால் கொஞ்ச நேரத்தில் வெறும் ஈரம். அதே பனி தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும் என்பதால் தோட்டத்து ஆக்களுக்கு இது வேடிக்கை இல்லை, அவர்களிடம் பார்த்துக் கதை.

தேயிலைக்கும் இதுதான் காலம். ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட குளிரில் கொழுந்து மெதுவாய் வளரும், வாசம் செறியும். திம்புள்ள, நுவரெலியாப் பக்கத்துத் தூளுக்கு நல்ல விலை கிடைப்பதும் அப்போதுதான். தொழிற்சாலையிலேயே வாங்கு. ஒன்று மட்டும் சொல்கிறேன்: நுவரெலியாத் தூள் வெளிர் நிறம், பிளேன்ரீக்கு அருமை, பால் விட்டால் செத்துப்போகும். உங்கள் வீட்டுப் பால்தேத்தண்ணிக்குத் திம்புள்ளத் தூள் எடு. வரும்போது கருவாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடாதே, தேயிலை எல்லா மணத்தையும் இழுக்கும்.

மூத்தவனுக்குக் குருவி பைத்தியம் என்றாயே. நகர நடுவில் இருக்கிற விக்டோரியா பூங்காவுக்குக் காலமை வெள்ளென அல்லது பின்னேரம் நாலரைக்குப் பிறகு கூட்டிப்போ. இமயமலைப் பக்கம் கூடு கட்டும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் குளிர் காலத்தை அங்கே கழிக்கும், மார்ச் முடிய வடக்கே பறந்துவிடும். கழுத்தும் நெஞ்சும் செம்மஞ்சள், ஓரத்தில் கறுப்புக் கோடு. பின்பக்கத்து ஓடைக் கரையில், நிழலில், சத்தம் போடாமல் நிற்கவேணும். சித்திரையில் போனால் இதையும் தவறவிடுவாய்.

பாதை உனக்குத் தெரியும். ஏ9 வீதி கண்டியில்தான் முடிகிறது. இங்கிருந்து 250 கிலோமீற்றர் அளவில், பிறகு கம்பளை, புசல்லாவ, இறம்பொடை ஊடாக இன்னும் 75 சொச்சம். விடிய நாலுக்கு வெளிக்கிட்டால் இரண்டு மணிக்குள் இறம்பொடை தாண்டலாம். அதற்குப் பிறகு புகார் (மூடுபனி) இறங்கத் தொடங்கும். புகாருக்குள் பெரிய லைற் போடாதே, ஒளி திரும்பி உன் கண்ணுக்கே அடிக்கும். டிம்மில் போ. கண்ணாடி உள்பக்கம் மங்கினால் துணியால் துடைத்துக்கொண்டிராமல் ஏசியைக் கண்ணாடிக்குத் திருப்பு. ரயிலென்றால் பொல்காவலயில் பதுளை ரயிலுக்கு மாறி நானுஓயாவில் இறங்கவேணும். மண்சரிவால் மலைப் பாதை இடைக்கிடை மூடப்படும், விசாரித்துவிட்டு ரிக்கற் எடு. றோட்டுக்கும் அதுதான். இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்தால் சொல்வார்கள்.

போகிற வான் வண்டியைப் பற்றியும் கொஞ்சம். எங்கள் வாகனங்கள் ஏற்ற இறக்கமில்லாத றோட்டில் ஓடிப் பழகினவை. கிணற்றுத் தண்ணியே விட்டுவிட்டு ஓடின றேடியேற்றருக்குள் கல்லுப் படிந்திருக்கும். இங்கே தெரியாது, இறம்பொடை ஏற்றத்தில் கொதிக்கும். போகமுன் கழுவிக் கூலன்ற் விடு. பிரேக் எண்ணெயும் மாற்று. பழைய எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். இறக்கத்தில் பிரேக் சூடேற அந்த ஈரம் ஆவியாகி, மிதி வெறுமனே உள்ளே போகும். ஏறின கியரிலேயே இறங்கு, இரண்டாம் கியர் பெரும்பாலும் போதும். கால் பிரேக்கிலேயே இருக்கக்கூடாது. கருகல் மணம் வந்தால் ஓரங்கட்டி அரைமணித்தியாலம் ஆறவிடு, தண்ணி ஊற்றாதே. ஏறிவருகிற வாகனத்துக்கு நீதான் வழிவிட வேணும்.

வீடு எடுத்துச் சமைக்கப் போகிறீர்கள் என்றால் உன் மனிசிக்கு இதை வாசித்துக் காட்டு. அந்த உயரத்தில் தண்ணி 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிப்பதைப் பார்த்து நெருப்பைக் கூட்டிப் பிரயோசனமில்லை, தண்ணி வற்றுமே தவிரச் சூடு ஏறாது. சிவப்புப் பச்சையரிசியை ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, வழமையைவிடக் கொஞ்சம் கூடத் தண்ணி வைத்து அவியுங்கள். பருப்புக்கும் கடலைக்கும் பிரெசர் குக்கர் இல்லாமல் போகவேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே கட்டியாகும், ஒடுங்கின வாய்ப் போத்தலில் கொண்டுபோனால் காலமை ஒரு துளி வராது. அகன்ற வாய்ப் போத்தலில் விட்டுக் கரண்டியால் எடுக்கலாம். தோசைமா ஒரு இரவில் புளிக்காது, பின்னேரமே அரைத்து அடுப்படிக்குப் பக்கத்தில் மூடி வைக்கவேணும். இல்லாவிட்டால் ரொட்டிதான்.

ஒரு விசயம் கண்டிப்பாய்: குளிருக்கென்று கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவு சாத்திப் படுக்காதே. கரியின் நச்சுக்காற்றுக்கு மணமில்லை, நித்திரையிலேயே ஆள் முடிந்துவிடும். அறை எடுக்கும்போது ஆளுக்கு எத்தனை கம்பளி, சுடுதண்ணி விடியப்புறமும் வருமா என்று கேள். கிழக்குப் பார்த்த அறை என்றால் மெத்தை ஈரம் காயும். அம்மாவுக்கு இரண்டு சோடி சொக்ஸ், காது மூடும் தொப்பி. தடித்த ஒரு சுவெற்றரைவிட மெல்லிய மூன்று உடுப்பு நல்லது, வெயில் ஏற ஒவ்வொன்றாய்க் கழற்றலாம். குறைந்தால் நகரத்திலேயே குளிர் உடுப்புக் கடைகள் வரிசையாய் இருக்கின்றன, பேரம் பேசு. குளிர்கிறதே என்று வெயிலை நம்பாதே. அந்த உயரத்து வெயில் முகத்தைக் கருக்கும், உதட்டை வெடிக்க வைக்கும்.

ஹோர்ட்டன் சமவெளிக்கு நீயும் பெடியன்களும் மட்டும் போங்கள். காலமை ஐந்துக்கு வெளிக்கிட வேணும். ஒன்பது, பத்துக்குப் புகார் மூடினால் 'உலக முடிவு' என்கிற செங்குத்து மலை விளிம்பில் நின்றாலும் வெள்ளைச் சுவர்தான். சுற்று ஒன்பது கிலோமீற்றர், மூன்று நாலு மணித்தியாலம். பொலித்தீனில் சுற்றின சாப்பாட்டை வாசலிலேயே பிடுங்குவார்கள், சாப்பாட்டுப் பெட்டியில் கட்டு. மரை மான் பக்கத்தில் வந்து நிற்கும், ஒன்றும் கொடுக்காதீர்கள். அம்மாவுக்கு ஹக்கலைப் பூங்கா போதும். 1861இல் கொயினா மருந்துக்கான சிங்கோனா மரம் நட்டுத் தொடங்கின இடம். வழியில் சீதா எலியவில் சீதையம்மன் கோயில்.

உன் பக்கத்து வீட்டாருக்குச் சொந்தம் மலையகத்தில் இருக்கிறதல்லவா? 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்த எத்தனையோ குடும்பங்களின் மாமன் மச்சான் இன்னும் தோட்டங்களில்தான். அவர்களிடம் கேட்டு ஒரு வீட்டுக்காவது போ. உழுந்தும் பனங்கட்டியும் முல்லைத்தீவுக் கருவாடும் கொண்டுபோனால் தங்கம். வாவியையும் பூவையும் மட்டும் பார்த்துத் திரும்புவது எனக்குச் சரியாய்ப் படவில்லை.

திரும்பும்போது கரட், லீக்ஸ் வாங்குவாய், தெரியும். கழுவின பளபளக்கிற கரட் வேண்டாம், மண்ணோடு இருக்கிறதை எடு. பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் தம்புள்ள வெக்கையில் வியர்த்து, வவுனியா வரமுன் சளிப்புப் பிடிக்கும். சாக்கில் போட்டு வாய் திறந்தபடி வை. கோவாவின் (முட்டைக்கோசின்) வெளி இலையைக் கழற்றாதே.

எத்தனை பேர், எந்தக் கிழமை என்று பொங்கலுக்கு முன் எழுது. வான் வேணுமென்றால் அதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
உன் கூட்டாளி