மரத்தின் கால் நனையக் கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளியில் நிற்கும் மோட்டார், புல்வெட்டி போன்றவற்றுக்குத் தார்ப்பாய் போர்த்தினாலே போதும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். முப்பது ஆண்டுகள் தச்சு வேலை செய்தவன் நான். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

தார்ப்பாய் மழையைத் தடுக்கும்; தரையிலிருந்து எழும் ஈரத்தை வெளியே விடாது. இரவு குளிர்ந்ததும் அந்த ஈரம் பாயின் உட்புறம் துளித்துளியாகத் திரண்டு இயந்திரத்தின் மேலேயே சொட்டும். ஒரு சொட்டு மழை படாத போல்ட்டுகள் துருவேறி இறுகிப்போய், கழற்ற வழியில்லாமல் அறுத்தெடுத்திருக்கிறேன்.

இதற்கு ஒரு சின்னக் கொட்டகைதான் வழி: நான்கு மரக்கால், ஒருபக்கம் சரிந்த தகரக் கூரை, சாரல் அடிக்கும் பக்கம் பலகைத் தடுப்பு. இவ்வளவு போதும். ஆனால் என் வீட்டுக்கு முதலில் போட்ட கொட்டகையில் நானே தவறு செய்தேன். குழி தோண்டிக் கால்களை மண்ணில் நட்டுவிட்டேன். மூன்றாவது மழைக்காலம் முடிந்ததும் ஒரு கால் லேசாக ஆடியது. அடியில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். பிடி வரை இறங்கிவிட்டது. மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்க, உள்ளே மரம் ஊறிய வைக்கோலாகக் கிடந்தது.

மரம் பக்கவாட்டில் உறிஞ்சுவதைவிட வெட்டுமுனை வழியாகப் பல மடங்கு வேகமாக நீரைக் குடிக்கும். ஈரப்பதம் சுமார் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். அதனால் இப்போது காங்கிரீட் கட்டையில் இரும்புக் கவ்வி பதித்து, காலின் அடி தரையிலிருந்து 15 செ.மீ. மேலே நிற்கும்படி செய்கிறேன். வெட்டுமுனை குடிக்கும்வரை மரக்காப்பு எண்ணெய் தடவுகிறேன். காலுக்கு வைரம் பாய்ந்த கட்டைதான், அதாவது மரத்தின் உள்நடுவில் இருக்கும் கெட்டியான பகுதிதான் வேண்டும். ஓரத்தில் வெள்ளை, அதாவது பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதி ஒட்டியிருந்தால் செதுக்கி எறியுங்கள். எந்த மரமானாலும் முதலில் உளுப்பது அதுதான்.

கூரை முன்னிருந்து பின்வரை 1.2 மீட்டர் என்றால் 20 செ.மீ. சரிவு கொடுங்கள், இறவாரம் 30 செ.மீ. வெளியே நீளட்டும். தடுப்புப் பலகையைத் தரையோடும் கூரையோடும் ஒட்ட அடைத்துவிடாதீர்கள்; மேலும் கீழும் காற்று புக வேண்டும். கூரையைக் காற்று தூக்கும் என்பதால் ஆணிக்குப் பதில் திருகாணியும் மூலைகளில் குறுக்குச் சட்டமும் அவசியம்.

கொட்டகை போடும்வரை தார்ப்பாயே கதி என்பவர்கள், மழை விட்டதும் அதை எடுத்துவிட்டு இயந்திரத்தை ஒரு பகலாவது வெயிலில் காயவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர்