ஒரு மாதிரின்னா எந்த மாதிரி?

அன்புள்ள சரவணா,

உன் மெசேஜ் வந்தபோது வியாழக்கிழமை ராத்திரி பதினொரு மணி. "ஆன்லைன்ல தெரபி எடுக்கிறியாமே, எப்படிடா இருக்கும், எனக்கும் பார்க்கணும்போல இருக்கு" என்று எழுதிவிட்டுக் கீழே ஒரு சிரிக்கிற பொம்மையும் போட்டிருந்தாய். அந்தப் பொம்மை எதற்கு என்று எனக்குத் தெரியாதா? காலேஜில் எவனாவது ரெண்டு நாள் பேசாமல் இருந்தால் "கீழ்ப்பாக்கத்துல பெட் போட்டுடலாமா"ன்னு கேட்ட கும்பல்தானே நாம். 1794-ல் தொடங்கின மனநல ஆஸ்பத்திரி, அதன் பேரை வசவாக மட்டும்தான் தெரிந்துவைத்திருந்தோம்.

வாட்ஸ்அப்பில் நாலு வரியில் சொல்ல வராது, அதனால் மெயில். வீட்டில் எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான், நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயிலுக்கு மட்டும் எப்படியோ வலி தெரியாமல் நடந்து போய்விடுகிறாள். பெண் பிளஸ் ஒன் வந்துவிட்டாள், என்னோடு பேசுவது குறைந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பா போன பிறகு எனக்குத் தூக்கம் போச்சு. ஆஸ்பத்திரி பில், சுடுகாடு, பதினாறாம் நாள் காரியம், வாரிசு சான்றிதழ் எல்லாம் நான்தான் ஓடி முடித்தேன், ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எல்லாம் முடிந்து நாலு மாசம் கழித்து தினமும் விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வர ஆரம்பித்தது. முதலில் ஏதோ ஒரு ஆப் வழியாகத்தான் போனேன். அதில் வந்தவர் இருபதாவது நிமிஷத்தில் "கடவுள்மேல பாரத்தைப் போடுங்க சார், வாக்கிங் போங்க" என்றார். இதைச் சொல்ல எங்கள் தெருவிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள், அதுவும் இலவசமாக. அதோடு விட்டிருப்பேன், ஆபீஸில் ஒரு பெண், தனியாகத் தொழில் பண்ணுகிற ஒரு தெரபிஸ்ட்டைச் சொன்னாள்.

நீ தேடும்போது ஒன்று கவனி. கவுன்சிலர் என்று போர்டு மாட்டியவர்கள் எல்லாம் ஒரே படிப்பு படித்தவர்கள் இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், பதிவு இருக்க வேண்டும். எண்ணைக் கேட்டு அவர்கள் வெப்சைட்டில் நாமே பார்த்துக்கொள்ளலாம். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் போகாதே. மாத்திரை இவர்கள் எழுத மாட்டார்கள், அதற்கு சைக்யாட்ரிஸ்ட், அதாவது மனநல டாக்டர்தான். நான் விசாரித்தவரை ஒரு செஷனுக்கு 800 ரூபாயிலிருந்து 3,000 வரை சொன்னார்கள், நான் கொடுப்பது 1,500. முன்கூட்டியே ஜிபேயில் போட்டுவிட வேண்டும். 24 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லாமல் வராவிட்டால் அந்தப் பணம் போனதுதான். முதலில் இது கறாராகத் தெரிந்தது, இப்போது அந்த 1,500-க்குப் பயந்தே நான் ஒரு வாரம்கூட விட்டதில்லை.

முதல் செஷனுக்கு முன்னாலேயே ஒரு ஃபாரம் வரும். கடந்த ரெண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா என்று ஒன்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மார்க், மொத்தம் 27, மார்க் கூடக் கூட நிலைமை மோசம். பரீட்சை எழுதுகிற மாதிரி நல்ல மார்க் வாங்கப் பார்க்காதே, நான் அப்படித்தான் ரெண்டு கேள்விக்குக் குறைத்துப் போட்டேன், அப்படியும் 14 வந்தது. அதைவிடப் பெரிய தலைவலி கடைசிக் கட்டம். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், பேரும் நம்பரும் வேண்டுமாம். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் பண்ணலாம் என்று நினைத்திருந்தவன், அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மனைவியிடம் போய்ச் சொன்னேன். "அதான் ராத்திரியெல்லாம் ஃபேனைப் பார்த்துட்டுப் படுத்திருக்கீங்களே, எனக்குத் தெரியாதா" என்றாள். அவ்வளவுதான், தோசையைத் திருப்பிப் போடப் போய்விட்டாள்.

இன்னொன்று, ஆன்லைன் என்றால் வீட்டிலிருந்தே பேசலாம் என்று நினைப்பாய். எந்த வீட்டில்? எங்கள் ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் ஹாலில் அம்மாவின் சீரியல், ஒரு ரூமில் பெண், இன்னொன்றில் இவள். மொட்டை மாடியில் எதிர்வீட்டுக்காரர் நடை பழகுகிறார். அதனால் வாரம் ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு நான் கீழே பார்க்கிங்கில் காருக்குள் போய் உட்காருவேன். மூடின பார்க்கிங்கில் இன்ஜினை ஓடவிட்டு ஏசி போடக் கூடாது, ஆபத்து. ஜன்னலை இறக்கினால் கொசு. மே மாசத்தில் பனியன் நனைந்து, ஸ்டியரிங்மேல் போனைச் சாய்த்துவைத்து, அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மூன்றாவது செஷனில் முதல்முறையாக எனக்கு அழுகை வந்தது. சரியாக அந்த நேரத்தில் வாட்ச்மேன் டார்ச் அடித்துக் கண்ணாடியைத் தட்டி, "என்ன சார், வண்டி ஸ்டார்ட் ஆகலையா?" நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே "பேட்டரி" என்றேன். போனில் அவர் அமைதியாகக் காத்திருந்தார், பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தெரபிஸ்ட் என்னைவிடப் பத்து வயது சின்னவர். பேர் சொல்லியே கூப்பிடலாம் என்றார், எனக்கு இன்னும் மேடம்தான் வருகிறது. ஒவ்வொரு முறையும் ஆரம்பிக்கும்போது எங்கே இருக்கிறீர்கள், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்பார். வேவு பார்ப்பதற்காக இல்லை, ஏதாவது ஆனால் ஆள் அனுப்ப இடம் தெரிய வேண்டும், வேறு யார் காதிலும் விழக் கூடாது, அதற்காக. 50 நிமிஷம், மணி அடித்த மாதிரி முடியும். முதல் செஷன் முழுக்க அவர் கேள்விதான். கூடப்பிறந்தவர்கள் யார், வேலை என்ன, குடி உண்டா, முன்னால் இப்படி இருந்ததுண்டா. உப்புச்சப்பில்லாமல் இருந்தது. பணத்துக்கு இதுதானா என்று தோன்றும், தோன்றட்டும். மூன்று நாலு முறை பார்த்துவிட்டு முடிவு பண்ணு. ஒத்துவரவில்லை என்றால் அவரிடமே சொல்லி வேறு ஆள் கேட்கலாம், அதில் தப்பே இல்லை.

என்ன செய்யணும்னு சொல்லவே மாட்டார், இதுதான் எனக்குப் பிடிபட ரொம்ப நாளானது. "அப்போ உங்களுக்கு எப்படி இருந்தது?" என்பார். நான் என்ன நடந்தது என்று சொல்லுவேன். "அது நடந்தது. உங்களுக்கு எப்படி இருந்தது?" "ஒரு மாதிரி இருந்துச்சு மேடம்." "ஒரு மாதிரின்னா எந்த மாதிரி?" யோசித்துப் பாரேன், நாற்பத்தாறு வருஷமாக எனக்கு வந்த கோபம், பயம், வெட்கம் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்லைத்தான் வைத்து ஓட்டியிருக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் வர ரெண்டு நிமிஷம் ஆயிற்று, அவர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் வந்தது துக்கமே இல்லைடா, கோபம். ஐ.சி.யூ. வாசலில் கையெழுத்துப் போடச் சொன்னபோது என் பக்கத்தில் ஒருத்தரும் நிற்கவில்லை என்கிற கோபம். என் தம்பிமேல். இது எனக்கே தெரியாது.

அன்றைக்கு ராத்திரி செமத்தியாகக் களைப்பாக இருந்தது, மறுநாளும்தான். செஷன் முடிந்த உடனே ஆபீஸ் கால் எதுவும் வைத்துக்கொள்ளாதே. நான் பத்து நிமிஷம் சும்மா காரிலேயே இருந்துவிட்டுத்தான் மேலே போவேன். சில வாரம் வீட்டுப்பாடமும் உண்டு, மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் அப்போது ஓடுகிற நினைப்பை ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஏழு மாசம் ஆச்சு, இப்போது அதே ஒன்பது கேள்விக்கு 6 வருகிறது. முழிப்பு வாரத்தில் ஒரு நாள் இன்னும் வரத்தான் செய்கிறது.

சொன்னது வெளியே போகுமா என்று கேட்டிருந்தாய். போகாது. 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டமே ரகசியம் காக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து என்று அவருக்குப் பட்டால் மட்டும் வீட்டாரைக் கூப்பிடுவார், அதை முதல் நாளே சொல்லிவிடுவார். இதையும் கேட்டுவிடுகிறேன், தப்பாக நினைக்காதே. நீ எழுதினதில் "எல்லாத்தையும் முடிச்சுக்கலாம்போல" என்று ஒரு வரி இருந்தது. கடை லோனைச் சொன்னாயா, வேறு ஏதாவதா? வேறு என்றால் அடுத்த வார அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்காதே. 14416 அடி, டெலி மானஸ் என்கிற அரசாங்க மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. இங்கே 1986-லிருந்து சினேகா என்கிற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கிறது, அவர்களும் போனில் பேசுவார்கள். எல்லாத்துக்கும் முன்னால் என்னைக் கூப்பிடு, மூன்று மணிக்கு நான் எப்படியும் முழித்திருக்க வாய்ப்புண்டு.

என் மேடத்தின் நம்பரை அனுப்பமாட்டேன். நெருங்கின நண்பர்கள் ரெண்டு பேரையும் ஒரே ஆள் பார்ப்பது சரிவராதாம். கோயம்புத்தூரில் இருந்தால் என்ன, ஆன்லைன்தானே, உனக்கு வேறு ரெண்டு பேர் பெயரை அவரிடமே கேட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன். பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாய், கட்டாயம் வா, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வியாழன் எட்டு மணிக்கு மட்டும் போன் பண்ணாதே, காரில் இருப்பேன். வாட்ச்மேன் இப்போதெல்லாம் தட்டுவதில்லை, நான் வாராவாரம் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருவதாக அவர் முடிவு கட்டிவிட்டார்.

அன்புடன்,
பாலு