யார் ஜெயித்தார்கள் என்று கேட்காதீர்கள்: உலக சுகாதாரப் பேரவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பிரதிநிதிகளுக்கு,

வணக்கம்.

ஜெனீவாவில் ஆண்டுதோறும் கூடும் உலக சுகாதார அமைப்பின் பேரவையில் உங்கள் நாடுகளின் சார்பில் அமர்பவர்கள் நீங்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் பேசிப் பேசி, 2025 மே 20 அன்று பெருந்தொற்று உடன்பாட்டை ஏற்றுக்கொண்டவர்களும் நீங்களே. அதற்கு என் மனமார்ந்த நன்றி. தடுப்பூசியை எப்படிப் பகிர்வது, கிருமியின் மாதிரிகளை யார் யாருக்குத் தருவது என்றெல்லாம் அதில் யோசித்திருக்கிறீர்கள். நான் கேட்க வந்தது வேறொன்று. ஒரே வைரஸை இத்தனை நாடுகள் இத்தனை விதமாக எதிர்கொண்டனவே, அவற்றை நேர்மையாக ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொதுவான முறையை எப்போது உருவாக்கப் போகிறீர்கள்?

பொது சுகாதாரம் கற்பிப்பது என் வேலை. வகுப்பில் கொரோனாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வரும் கேள்வி, "எந்த நாடு நன்றாகச் சமாளித்தது?" என்பதுதான். மாணவர்கள் அப்படிக் கேட்பதில் தவறில்லை. செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் நாள் தவறாமல் பதக்கப் பட்டியல் போட்டுத்தான் அவர்களைப் பழக்கின. உங்களில் பலரும் அந்தப் பட்டியலைக் காட்டி உள்நாட்டில் கைதட்டல் வாங்கினீர்கள்; பட்டியலில் கீழே போனதும் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டீர்கள். இதை நான் கோபத்தில் எழுதவில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தால் எத்தனை பாடங்கள் கைநழுவிப் போயின என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2019 அக்டோபரில், தொற்று பரவுவதற்குச் சில வாரங்கள் முன்பு, உலக சுகாதாரப் பாதுகாப்புக் குறியீடு என்றொரு தரவரிசை வெளிவந்தது. பெருந்தொற்றை எதிர்கொள்ள எந்த நாடு எவ்வளவு தயார் என்று 195 நாடுகளை அது வரிசைப்படுத்தியது. முதலிடம் அமெரிக்காவுக்கு, இரண்டாம் இடம் பிரிட்டனுக்கு. அமெரிக்காவில் இறந்தவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள். பிரிட்டனின் பொது விசாரணை ஆணையமோ, அந்த நாடு தவறான பெருந்தொற்றுக்கு, அதாவது இன்ஃப்ளூயன்ஸாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது என்று 2024 ஜூலையில் எழுதியது. ஆய்வகங்கள், நிபுணர்கள், சட்டங்கள், திட்டக் கோப்புகள் எல்லாம் இருந்தன. அவற்றை எடுத்து உரிய நேரத்தில் பயன்படுத்தும் முடிவு இல்லை. அந்த முடிவை எந்தக் குறியீடும் அளக்கவில்லை.

சரி, இறப்பு எண்ணிக்கையையாவது ஒப்பிடலாமே என்றால், அதிலும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கணக்கு. பெல்ஜியம் முதியோர் இல்லங்களில் பரிசோதனை செய்யாமலேயே கொரோனா என்று சந்தேகிக்கப்பட்ட இறப்புகளையும் சேர்த்து எண்ணியது. அதனால் 2020 வசந்த காலத்தில் உலகிலேயே மோசமான நாடு என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. ஒளிக்காமல் எண்ணியதற்குக் கிடைத்த பரிசு அது. இங்கிலாந்தில் 2020 ஆகஸ்டில் வரையறை மாறியது. தொற்று உறுதியான 28 நாட்களுக்குள் இறந்தவர்களை மட்டுமே தலைப்புக் கணக்கில் சேர்ப்பது என்று முடிவெடுத்ததும் எண்ணிக்கையிலிருந்து 5,000க்கும் மேல் ஒரே நாளில் குறைந்தது. 2021 மே 31 அன்று பெரு தன் கணக்கை மறுபரிசீலனை செய்தது. 69,342 என்றிருந்த இறப்புகள் 1,80,764 ஆயின. ஒரே இரவில் மக்கள்தொகை விகிதப்படி உலகின் மிக அதிக இறப்பு கண்ட நாடாகத் தன்னைத் தானே அறிவித்துக்கொண்டது அந்த அரசு. அந்தத் துணிவை உங்களில் எத்தனை பேர் பாராட்டினீர்கள்?

இறப்புக்குக் காரணம் என்ன எழுதப்பட்டிருந்தாலும், வழக்கமாக ஓர் ஆண்டில் இறப்பவர்களை விட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பார்ப்பதுதான் ஓரளவு நியாயமான அளவுகோல். அப்படிப் பார்த்த உலக சுகாதார அமைப்பு, 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் சுமார் 1 கோடியே 49 லட்சம் கூடுதல் இறப்புகள் நேர்ந்ததாக 2022 மே மாதம் மதிப்பிட்டது. நாடுகள் தாமாக அறிவித்தது சுமார் 54 லட்சம். இந்தியாவுக்கு அந்த மதிப்பீடு 47 லட்சம்; அரசின் கணக்கு ஐந்து லட்சத்துக்கும் கீழே. கணித மாதிரியே தவறு என்று இந்திய அரசு மறுத்தது. மறுக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. ஆனால் மாதிரிக் கணக்கை மறுப்பதற்கு ஒரே வழி, உண்மையான பதிவேட்டை உடனுக்குடன் மேசைமேல் வைப்பது. அதைச் செய்ய இயலாத நாடுகளும் ஏராளம்: உலகில் நிகழும் இறப்புகளில் பத்தில் நான்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை என்று அதே அமைப்பு 2021இல் சொன்னது. பெயர்கூடப் பதியப்படாமல் போனவர்களை வைத்துக்கொண்டு எந்தப் பாடத்தைப் படிப்பது?

இன்னொரு சிக்கல், எப்போது ஒப்பிடுகிறோம் என்பது. ஸ்வீடனை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரடங்கு போடாத அந்த நாட்டை ஒரு தரப்பு தெய்வமாக்கியது, இன்னொரு தரப்பு பேயாக்கியது. 2020இல் மக்கள்தொகை விகிதப்படி அங்கு நேர்ந்த கொரோனா இறப்பு, பக்கத்து நார்வேயைப் போலப் பல மடங்கு. முதியோர் இல்லங்களில் இருந்தவர்களைக் காக்கத் தவறினோம் என்று அந்த நாட்டு ஆணையமே அந்த ஆண்டு டிசம்பரில் எழுதியது. ஆனால் 2020 முதல் 2022 வரை மூன்றாண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், கூடுதல் இறப்பு மிகக் குறைந்த ஐரோப்பிய நாடுகளில் ஸ்வீடனும் ஒன்று என்று பல கணக்கீடுகள் காட்டுகின்றன. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர்கள்தான் இரு தரப்பிலும் அதிகம்.

ஹாங்காங்கின் கதை இதற்கு நேர் எதிர். 2021 முடியும்வரை அங்கே இறந்தவர்கள் சுமார் 210 பேர்தான். உலகமே மெச்சியது. 2022 தொடக்கத்தில் கொரோனாவின் உருமாறிய வகையான ஒமிக்ரான் நுழைந்தது. சில மாதங்களில் 9,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், அதிலும் தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொள்ளாதவர்கள். எல்லையை மூடி இரண்டு ஆண்டு அவகாசம் சம்பாதித்த நகரம், அந்த அவகாசத்தில் தன் முதியோர்களைக் காக்கவில்லை. அதே பருவத்தில் அதே ஒமிக்ரானைச் சந்தித்த நியூசிலாந்தும் அதற்கு முன் எல்லையை மூடித்தான் வைத்திருந்தது. அங்கே முதியோர் பெரும்பாலும் தடுப்பூசி போட்டிருந்ததால் இறப்பு மிகக் குறைவாகவே நின்றது. எல்லையை மூடுவது சரியா தவறா என்று ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டோம். மூடிய நாட்களில் உள்ளே என்ன செய்தார்கள் என்று கேட்டிருந்தால், உருப்படியான பதில் கிடைத்திருக்கும்.

நான் ஒப்பிடச் சொல்வது இத்தகைய முடிவுகளைத்தான். எந்தத் தேதியில், எது தெரிந்த நிலையில், யார், என்ன முடிவெடுத்தார்கள்? தென்கொரியாவில் முதல் நோயாளி 2020 ஜனவரி 20 அன்று உறுதியானார். ஏறக்குறைய அதே நேரத்தில்தான் அமெரிக்காவிலும். ஜனவரி 27, சந்திரப் புத்தாண்டு விடுமுறை. சோல் ரயில் நிலையத்தில் ஓர் அறைக்கு மருந்து, பரிசோதனைக் கருவி நிறுவனங்களின் ஆட்களைச் சுகாதார அதிகாரிகள் அவசரமாக அழைத்தார்கள். நாட்டில் அப்போது உறுதியான நோயாளிகள் நான்கே பேர். பரிசோதனைக் கருவி உடனே வேண்டும், அனுமதியை விரைந்து தருகிறோம் என்றார்கள். ஒரு வாரம் கழித்து முதல் கருவிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் நோய்க்கட்டுப்பாட்டு மையம் அனுப்பிய கருவிகளில் கோளாறு. மற்ற ஆய்வகங்கள் தம் சொந்தப் பரிசோதனையைத் தொடங்கத் தடை தளர்ந்தது பிப்ரவரி 29 அன்று. நோய் அந்த ஒரு மாதமும் யார் கண்ணிலும் படாமல் பரவியது. நியூசிலாந்தின் முன்னாள் பிரதமர் ஹெலன் கிளார்க்கும் லைபீரியாவின் முன்னாள் அதிபர் எலன் ஜான்சன் சர்லீஃபும் தலைமை தாங்கி, பெருந்தொற்றை உலகம் எதிர்கொண்ட விதத்தை ஆராய்ந்த சுயாதீனக் குழு, உலகத்துக்கே அந்தப் பிப்ரவரி வீணாய்ப் போன மாதம் என்று 2021இல் எழுதியதை நீங்கள் படித்திருப்பீர்கள்.

கொரியர்களுக்கு அந்த வேகம் பிறவிக்குணமாக வந்துவிடவில்லை. 2015இல் மெர்ஸ் என்ற சுவாச நோய் அங்கே நுழைந்து 186 பேரைப் பீடித்து 38 பேரைக் கொன்றது. நோய் பரவிய மருத்துவமனைகளின் பெயர்களை அரசு முதலில் மறைத்தது. மக்கள் கொதித்தார்கள். சட்டம் திருத்தப்பட்டது, அவசர காலத்தில் பரிசோதனைக் கருவிக்கு விரைந்து அனுமதி தரும் வழி பிறந்தது. தாங்கள் செய்த தவறை ஏட்டில் எழுதி வைத்ததால் வந்த வேகம் அது. தைவானும் 2003இல் சார்ஸ் என்ற சுவாச நோயிடம் பட்ட அடியை மறக்காததால்தான் 2019 டிசம்பர் 31 அன்றே ஊகானிலிருந்து வந்த விமானங்களில் ஏறிப் பயணிகளைச் சோதித்தது. அந்தத் தைவானுக்கு உங்கள் பேரவையில் இருக்கை இல்லை. அதன் அரசியல் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் நன்றாகக் கற்றவர்களை வாசலில் நிறுத்திவிட்டுப் பாடம் நடத்துவது எனக்கு உறுத்துகிறது.

விதியைப் பார்த்துவிட்டு வாழ்க்கையைப் பார்க்காத ஒப்பீடும் நம்மை ஏமாற்றும். பெரு 2020 மார்ச் நடுவிலேயே, தென் அமெரிக்காவில் முந்திக்கொண்டு, கடுமையான ஊரடங்கைப் போட்டது. தாளில் பார்த்தால் முன்மாதிரி. ஆனால் ஏறக்குறைய பாதி வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. சந்தைக்கு அடிக்கடி போய்த்தான் ஆக வேண்டும், அதனால் சந்தைகளிலேயே தொற்று கூடு கட்டியது. அரசு கொடுத்த உதவித்தொகையை வாங்க, வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் வங்கி வாசலில் தோளோடு தோள் இடித்து வரிசையில் நின்றார்கள். ஆக்சிஜன் உருளைக்காகக் குடும்பங்கள் அலைந்தன. அரசாணை சரியாகவே இருந்தது. அதைக் கடைப்பிடிக்க ஒரு குடும்பத்துக்கு என்னென்ன தேவை என்று கேட்டவர் இல்லை.

இது ஏதோ புதிதாகக் கற்க வேண்டிய பாடமும் அல்ல. உலகெங்கும் இன்ஃப்ளூயன்ஸா பரவிய 1918இல், நவம்பர் 7 அன்று, நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து புறப்பட்ட தலூன் என்ற கப்பல், அப்போது நியூசிலாந்தின் ஆட்சியில் இருந்த பசிபிக் தீவான மேற்கு சமோவாவின் ஆப்பியா துறைமுகத்துக்கு வந்தது. அதில் காய்ச்சலில் கிடந்தவர்கள் இருந்தார்கள். நியூசிலாந்து நிர்வாகம் பயணிகளைத் தடுக்காமல் இறங்க விட்டது. சில வாரங்களில் சுமார் 8,500 பேர், மக்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல், இறந்தார்கள். அருகிலேயே அமெரிக்க சமோவா. ஒரே இனம், ஒரே மொழி, ஒரே கடல். அங்கே ஆளுநர் ஜான் போயர் வந்த கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார், ஊர்மக்களே கரையோரம் காவல் காத்தார்கள். அந்தக் காய்ச்சலால் அங்கே ஒருவர்கூட இறக்கவில்லை. போயர் மருத்துவ உதவி தர முன்வந்தும் மேற்கு சமோவாவின் நிர்வாகி அதை ஏற்கவில்லை. 2002இல் நியூசிலாந்துப் பிரதமராக ஆப்பியாவுக்குச் சென்று இதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டவர், நான் மேலே குறிப்பிட்ட அதே ஹெலன் கிளார்க்தான். 84 ஆண்டுகள் கழித்து வந்த மன்னிப்பு. ஆனாலும் வந்தது.

நேர்மையாகச் சொல்பவர்களை நீங்கள் நடத்தும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். 2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா ஒமிக்ரானைக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தது. உடனடியாகப் பல நாடுகள் அந்தப் பகுதியிலிருந்து வரும் விமானங்களை நிறுத்தின. அந்த அறிவிப்புக்கு முன்பே எடுத்த மாதிரிகளில் நெதர்லாந்திலும் ஒமிக்ரான் இருந்தது பின்னர் தெரிந்தது. நெதர்லாந்துக்கு அந்தத் தண்டனை இல்லை. உண்மையைச் சொன்னால் விமானம் நிற்கும், சுற்றுலா நிற்கும், தரவரிசையில் கீழே போவோம் என்றால், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத்தான் எல்லா அரசும் பழகும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவை. எல்லாக் காரணங்களாலும் வாரந்தோறும் நிகழும் இறப்புகளை, வயதுவாரியாக, ஒரே வடிவத்தில் ஒவ்வொரு நாடும் வெளியிடும் கடமையை ஏற்றுக்கொள்ளுங்கள். பதிவேடு இல்லாத நாடுகளுக்கு அதை உருவாக்கப் பணம் கொடுங்கள். தடுப்பூசிக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையே அல்ல. முதலில் அறிவிக்கும் நாட்டுக்குப் பொருளாதார இழப்பு நேர்ந்தால் ஈடு செய்யும் நிதி ஒன்றை ஏற்படுத்துங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு நாடும் தன் முடிவுகளைச் சுயாதீன ஆணையத்தின் முன் திறந்து வைக்கட்டும். தோற்ற நாடுகளுக்கு மட்டுமான வேலை அல்ல இது. இறப்பைக் குறைவாக வைத்திருந்த நார்வேயின் ஆணையம், பெருந்தொற்று வரும் என்று தெரிந்திருந்தும் அரசு போதிய அளவு தயாராகவில்லை என்று 2021இல் எழுதியது. நியூசிலாந்தின் அரச ஆணையம், கட்டாயத் தடுப்பூசி விதிகள் சில அளவுக்கு மீறிப் போய் மக்களின் நம்பிக்கையைக் குலைத்தன என்று 2024இல் ஒப்புக்கொண்டது. உயிர்களைக் காத்த நாடுகளே இப்படித் தம்மைத் தோண்டிப் பார்க்கும்போது, மற்றவர்கள் எந்த முகத்தோடு ஒதுங்குவது?

உங்கள் உடன்பாட்டின் கீழ் நாடுகள் கூடும் முதல் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே இதைச் சேருங்கள். அந்தக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் நாட்டில் 2020 முதல் 2022 வரை வாரந்தோறும் இறந்தவர்களின் எண்ணிக்கையையும், ஒவ்வொரு பெரிய முடிவும் எடுக்கப்பட்ட தேதியையும் கொண்டு வாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மற்ற நாடுகளின் முன்னால் வாசியுங்கள்.

மிகுந்த மரியாதையுடன்,
பொது சுகாதாரம் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்