பொங்கலுக்கு வரும்போது நடக்கிற செருப்பாகக் கொண்டு வா

தம்பிக்கு,

நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. சேர்ந்துவிட்டது என்று அன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுதினேன், பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. சரி, வேலையாக இருந்திருப்பாய். போனில் பேசினால் நீ "ம், சரிப்பா, அப்புறம்" என்று சொல்லும் வேகத்தில் எனக்குச் சொல்ல வந்ததே மறந்து போகிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம், நேரம் கிடைக்கும்போது படி.

இங்கே மழை பரவாயில்லை. கார் நெல் சுமாராகத்தான் போனது, பிசானப் போகத்துக்கு நடவு ஆரம்பித்துவிட்டது. பாபநாசம் அணை 143 அடியும் நிறைந்துவிடும் என்று டீக்கடையில் ஒரு கட்சி, நிறையாது என்று இன்னொரு கட்சி. அக்கா வந்துவிட்டுப் போனாள், பிள்ளைகள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள், சொல்லிவிட்டேன்.

நான் காலையில் நடப்பதை விடவில்லை. நீ நடக்கிறாயா? டிரெட்மில்லில் ஓடுகிறேன் என்று போன தடவை சொன்னாய். அது நடை இல்லை. அரை மணி நேரம் ஓடிவிட்டு அதே சுவர் முன்னால்தானே நிற்கிறாய். காலுக்குப் பயிற்சி கிடைக்கும், மனசுக்கு? வெளியே இறங்கி நட. ராத்திரி பதினொரு மணி வரைக்கும் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தால் மனுஷனுக்கு எது பெரிது எது சிறிது என்று தெரியாமல் போய்விடும்.

இப்போதெல்லாம் ஆற்றோரப் பாதையில் நான் அதிகம் போவதில்லை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் கரை அறுத்துக்கொண்டு போனதே, அதிலிருந்து அங்கே பழைய தடம் இல்லை. சின்ன வயதில் நீ ஏறி உட்காரும் மருதமரம் சாய்ந்து கிடந்தது, பிறகு வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். அதனால் கன்னடியன் கால்வாய்க் கரைதான். அது ஏன் அப்படி வளைந்து வளைந்து போகிறது என்று மருமகள் போன பொங்கலுக்குக் கேட்டாள். இத்தனை வருஷம் நீ ஒரு தடவை கேட்டதில்லை! பசு நடந்த வழியில் வெட்டிய கால்வாய் என்று தாத்தா சொன்ன கதையைச் சொன்னேன். கன்னட தேசத்து ராஜா கொடுத்த பொருளில் கால்வாய் வெட்டப் போனபோது, ஒரு பசுவின் பின்னால் நட, அது போகிற வழியெல்லாம் வாய்க்கால், படுக்கிற இடத்தில் குளம் என்று அகத்தியர் சொன்னாராம். கதைதான். ஆனால் அவள் நின்று, திரும்பிப் பார்த்து, "அப்போ இந்த இடத்தில் மாடு எதையோ பார்த்துப் பயந்திருக்கிறது மாமா" என்றாள். அங்கே கால்வாய் சட்டென்று தெற்கே திரும்பும், உனக்கும் தெரியும், படித்துறைக்கு அடுத்த திருப்பம். அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அவளுக்கு வரப்பில் நடக்கவும் வந்துவிட்டது. முதலில் சறுக்கினாள், அப்புறம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு விரலைப் பதித்து நடந்தாள். ஒரு இடத்தில் நண்டு வளை, சேற்றை உருண்டை உருண்டையாக வெளியே தள்ளி வைத்திருந்தது. மேல் வயல் தண்ணீர் அது வழியாகக் கீழ் வயலுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. குனிந்து விரலை விடப் பார்த்தாள், நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வயல்காரர் மண்வெட்டியோடு ஓடி வந்துவிட்டார். அவரே ஒரு பிடி களிமண்ணும் வைக்கோலும் வைத்து மிதித்து அடைத்தார். "இன்னைக்கு அடைச்சா நாளைக்குப் பக்கத்துல தோண்டும், தினமும் வந்து பாக்கணும் தாயி" என்று அவளிடம் சொன்னார். போன வாரம்கூட அவர் விசாரித்தார், பட்டணத்துப் பிள்ளை இந்தத் தடவை வருதா என்று. வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எல்லாரும் விசாரிக்கத்தான் செய்கிறார்கள். உன்னையும்தான். உனக்கு டீம் முழுக்கக் கொடுத்திருக்கிறார்களாமே, நீ சொல்லவில்லை, அக்கா சொல்லித்தான் தெரியும். தபால்காரரிலிருந்து எல்லாருக்கும் சொன்னேன், எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை உன் வாயால் கேட்டிருந்தால் இன்னொரு மடங்கு. நல்லதையே சொல்லாத பிள்ளை வேறு எதைச் சொல்லும் என்று அம்மா கேட்கிறாள். எனக்கு அவளிடம் சொல்லப் பதில் இல்லை.

திருப்புடைமருதூருக்கு இரண்டு நாளைக்கு முன்னால் போனேன். போகும்போது வயல் வழி, திரும்பும்போது பஸ். கூட்டம் இல்லை. பறவைகள் இன்னும் முழுசாக வரவில்லை, மருதமரத்தில் வௌவால்தான் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. 2005-இல் அந்த இடத்தைப் பறவைகளுக்காக 'கன்சர்வேஷன் ரிசர்வ்' என்று அறிவித்தார்கள், அந்த வகையில் நாட்டிலேயே முதலாவது அதுதான், உனக்குத் தெரியுமா? மூன்று ஹெக்டேர்கூட வராது. ஆற்றங்கரை, மரங்கள், கோயில், அவ்வளவுதான். மஞ்சள் மூக்கு நாரை ஊருக்குள்ளேயே வந்து கூடு கட்டும், வீட்டு ஓட்டின் மேலெல்லாம் எச்சம். ஊர்க்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அன்றில் ஜோடி ஒன்று ஆற்று மணலில் நின்றது. கறுப்பு உடம்பு, உச்சந்தலையில் மட்டும் சிவப்பு, மூக்கு கதிர் அரிவாள்தான். போன தடவை மருமகள் அதைக் கொக்கு என்று சொல்லி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அன்றிலைப் பார்த்தேன் என்று அவளிடம் சொல். மறக்காமல் சொல்.

கோபுரத்துக்குள் ஐந்து நிலையிலும் சுவரெல்லாம் ஓவியம் இருக்கிறது அல்லவா, குதிரைகளை ஏற்றிக்கொண்டு வரும் கப்பல்கூட உண்டு. அதைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டாள், அன்றைக்கு நேரமாகிவிட்டது, அடுத்த தடவை என்று சொல்லியிருக்கிறேன். நாறும்பூநாதர் சாய்ந்து இருப்பதைப் பார்த்துவிட்டு அதற்கும் காரணம் கேட்டாள். கருவூர்ச் சித்தர் அக்கரையில் நின்று கூப்பிட்டார், ஆற்றில் வெள்ளம், அவரால் வர முடியவில்லை, என்ன சொல்கிறார் என்று கேட்க சாமி சாய்ந்தது, அப்படியே இருந்துவிட்டது. அங்கே அர்ச்சனை செய்தேன். இரண்டு பேர் நட்சத்திரத்துக்கும்தான் செய்தேன், எப்போதும் செய்வதுதான், விசேஷம் ஒன்றும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் பேசியபோது அவள் தூங்குகிறாள் என்றாய். சாயங்காலம் ஆறு மணி. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். தீபாவளிக்கு ஆபீஸ் என்றாய், சரி, இந்தக் காலத்தில் தீபாவளிக்கும் ஆபீஸ் இருக்கும்போல. உனக்குப் பின்னால் அலமாரிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கும் வீணையைக் காணோம் என்று அம்மா சொன்னாள். தந்தி மாற்றக் கொடுத்திருப்பார்கள் என்று நான்தான் சொன்னேன். அம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு யோசனை, உனக்குத் தெரியாததா. எதையும் கேட்காதே என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நானும் கேட்கவில்லை.

சாப்பாட்டை வெளியிலிருந்து வரவழைத்துச் சாப்பிடாதே. நட. உன் வீட்டிலிருந்து ஏரி பக்கம்தானே, அதைச் சுற்றிப் பாதை போட்டிருக்கிறார்கள் என்று நீதான் படம் அனுப்பினாய். காதில் எதையும் மாட்டாமல் போ. தனியாகப் போனாலும் பரவாயில்லை, இரண்டு பேராகப் போனால் நல்லது. பேசிக்கொண்டே போக வேண்டும் என்று இல்லை, நானும் அம்மாவும் கால்வாய்க் கரையில் வாயைத் திறக்காமல் போய்விட்டு வந்த காலம் உண்டு. அதில் பாதி நாள் சண்டை. வீட்டுக்குள் ஒரு அறையில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல், ஏனென்றால் நடக்கும்போது இரண்டு பேரும் முன்னால்தான் பார்க்க வேண்டியிருக்கும், வழியில் பாம்போ சேறோ வந்தால் ஒருத்தர் சொல்லித்தானே ஆக வேண்டும். உனக்காகச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னேன்.

பொங்கலுக்கு வந்தால் இந்தத் தடவை மூன்று நாளில் ஓடிவிடாதே. ஜனவரிக் கடைசியில் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், கல்லூரிப் பிள்ளைகள் பைனாகுலரோடு குளம் குளமாக நடப்பார்கள். போகிறவர்களோடு சேர்ந்துகொள்ளலாம் என்று மருமகளிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். லீவு கிடைக்காது என்று நீ சொல்வாய். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாய்தானே, இங்கே மாடி அறையில் உட்கார்ந்து பார். நெட் இப்போது நன்றாக வருகிறது.

ரயில் டிக்கெட் 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, பொங்கல் சமயம் என்றால் திறந்த வேகத்தில் முடிந்துவிடும். அதனால் நானே அன்றைக்குக் காலையில் ஸ்டேஷனுக்குப் போய் வரிசையில் நின்று எடுத்துவிடுகிறேன். பெங்களூரிலிருந்து நாகர்கோவில் ரயில், திருநெல்வேலியில் இறங்கி செங்கோட்டை பாசஞ்சரில் வீரவநல்லூர், நான் வண்டியோடு நிற்பேன்.

ஒரு டிக்கெட் போடவா, இரண்டு போடவா என்பதை மட்டும் எழுது. வெள்ளிக்கிழமைக்குள் தெரிய வேண்டும். கட்டைவிரல் அனுப்பாதே.

அப்பா